ஏற்காடு ஏற மோட்டார்: முன் சக்கரமா, பின் சக்கரமா, பெடல் அச்சிலா?

சேலம் அஸ்தம்பட்டியில் வீடு, கருப்பூரில் வேலை, போக வர தினமும் இருபது கிலோமீட்டர் சொச்சம், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு. கையில் இருப்பது முன்னால் சஸ்பென்ஷன் வைத்த 21 கியர் எம்டிபி (மலைச் சைக்கிள்) ஒன்று, அப்பாவின் பழைய ஸ்டாண்டர்டு சைக்கிள் ஒன்று. மோட்டார் கிட் வாங்கினால் முன் சக்கரத்துக்கா, பின் சக்கரத்துக்கா, பெடல் அச்சில் மாட்டும் மிட் மோட்டாரா, எது பெஸ்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். யூடியூபில் எல்லோரும் மிட் மோட்டார்தான் சிறந்தது, சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் ஹப் மோட்டார் பழைய டெக்னாலஜி என்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: வாரத்தில் ஆறு நாள் தொந்தரவில்லாமல் ஓட வேண்டும், ஏழாவது நாள் மலையில் கருகிவிடக் கூடாது, அதற்கு இந்த இரண்டு சைக்கிளில் எதில், எந்த இடத்தில் மோட்டாரை மாட்டுவது. இப்படிக் கேட்டால் பதில் சொல்ல முடியும். பொதுவாக எது பெஸ்ட் என்றால் பதிலே கிடையாது.

நான் படித்தது எலெக்ட்ரிக்கல். பல வருடங்களாக இந்தக் கிட்டுகளை மாட்டிக் கொடுப்பதும், பழுதாகி வருவதைப் பிரித்துப் பார்ப்பதும்தான் வேலை. அதனால் கீழே சொல்வதில் ஒரு பகுதி கணக்கு, யார் போட்டாலும் அதே விடைதான் வரும். இன்னொரு பகுதி பட்டறை அனுபவம், அது ஓட்டுகிறவரையும் பாகங்களின் தரத்தையும் பொறுத்து மாறும். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பழைய டெக்னாலஜி பேச்சை முடித்துவிடலாம். பின் சக்கரத்துக்குள் மோட்டார் வைக்கும் யோசனை நிஜமாகவே பழையதுதான், ஆக்டன் போல்டன் என்ற அமெரிக்கர் 1895லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பெடல் அச்சில் மோட்டாரை வைத்து, கால் கொடுக்கும் விசையை அளந்து உதவும் சைக்கிளை யமஹா 1993ல் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்காகப் பின்னால் வந்தது முன்னால் வந்ததை வழக்கொழித்துவிட்டது என்று ஆகாது. இரண்டும் வெவ்வேறு சிக்கலுக்கான தீர்வுகள். எந்தச் சிக்கல் உங்களுடையது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே ஏறக்குறைய 20 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், உயரத்தில் சுமார் 1,100 மீட்டர் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சராசரிச் சரிவு ஐந்தரை சதவீதம், வளைவுகளில் அதைவிடக் கூடுதல். நீங்கள், சைக்கிள், கிட், பேட்டரி, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்ந்து 100 கிலோ. இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க 300 வாட் ஹவர் வேண்டும், டயர் உருளும் இழப்புக்கு இன்னொரு 55. ஆக 355. மணிக்கு 10 கிலோமீட்டரில் இரண்டு மணி நேரம் ஏறினால் சக்கரத்தில் இடைவிடாமல் ஏறக்குறைய 175 வாட் தேவை. சுமாரான உடற்பயிற்சி உள்ள ஒருவர் இரண்டு மணி நேரம் 80 முதல் 100 வாட் வரை மிதிக்க முடியும். அப்படி மிதித்தால் மோட்டார் தர வேண்டியது மீதிப் பாதிதான். இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் பேட்டரியிலிருந்து 250, 260 வாட் ஹவர் போகும், 36 வோல்ட் 10 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 360 இருக்கிறது, போதும். காலைச் சும்மா வைத்துக்கொண்டு கைப்பிடியில் இருக்கும் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டரை) மட்டும் திருகினால் 550 பக்கம் போய்விடும். 15 ஆம்பியர் ஹவர் பேட்டரியும் ஏரிக்கரை வந்து சேர்வதற்குள் காலியாகிவிடும்.

பேட்டரியாவது காலியானால் திரும்ப சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், மோட்டார் சுட்டுப் போனால் போனதுதான். மோட்டாருக்குள் உண்டாகும் சூடு, அதில் ஓடும் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும், மின்னோட்டம் முறுக்கு விசைக்கு ஏற்ப ஏறும். ஆகவே பாதிச் சுமையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மோட்டாரின் சூடு கால்வாசியாகிவிடுகிறது. இந்த ஒரு விஷயம்தான் மோட்டாரை எங்கே மாட்டுகிறோம் என்பதைவிடப் பெரியது. மலையில் எரிந்து என்னிடம் வந்த ஹப் மோட்டார்களில் பெரும்பாலானவை த்ராட்டிலில் மட்டுமே ஏற்றப்பட்டவை. மிதித்து ஏறுகிறவரின் 250 வாட் பின் ஹப் அதே ரோட்டில் வருடக் கணக்கில் தாங்குகிறது. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். மலிவான கிட்டுகளில் பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டும் பார்க்கும் காந்தச் சென்சார்தான் இருக்கும், எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. காலைச் சும்மா சுழற்றினாலே முழு உதவியும் வந்துவிடும், மிதிக்கிறோம் என்ற நினைப்பிலேயே மோட்டாரை வறுத்துக்கொண்டிருப்போம். மலைக்குப் போகிறவர் மிதிக்கும் விசையை அளக்கும் டார்க் சென்சார் உள்ள கிட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுப்பது நல்லது.

சரி, மிட் மோட்டாருக்கு வருகிறேன். அதன் நிஜமான பலம் ஒன்றே ஒன்று: அது உங்கள் பின் கியர்கள் வழியாக வேலை செய்கிறது. ஹப் மோட்டாருக்கு ஒரே கியர்தான், சக்கரம் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றியாக வேண்டும். அதே முறுக்கு விசையில் வேகம் பாதியானால் கிடைக்கும் வேலை பாதியாகும், சூடு மட்டும் குறையாது. மிட் மோட்டாரில் நீங்கள் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டால் சைக்கிள் 8 கிலோமீட்டரில் ஊர்ந்தாலும் மோட்டார் தனக்குப் பிடித்த வேகத்தில் சுற்றும். செங்குத்தான ஏற்றத்தில், பாரத்தோடு, நெடுநேரம் என்று வந்தால் இதற்கு ஹப் இணையாகாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விளம்பரத்தில் முறுக்கு விசைக்குப் போடும் நியூட்டன் மீட்டர் எண்ணை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மிட் மோட்டார் 80 நியூட்டன் மீட்டர் என்றால் அது கிராங்கில் (பெடல் தண்டில்), ஹப் 40 என்றால் அது சக்கரத்திலேயே. முன்னால் 44 பல், பின்னால் 28 பல் வைத்து ஏறினால் அந்த 80 சக்கரத்துக்கு வரும்போது 51 ஆகிவிடும். பின்னால் 14 பல்லில் வைத்திருந்தால் 25தான், அதாவது அந்த 40 நியூட்டன் மீட்டர் ஹப்பைவிடக் குறைவு. ஆக, கியரை மாற்றி மாற்றி ஓட்டும் பழக்கம் இல்லாதவருக்கு மிட் மோட்டார் கொடுத்த காசுக்குப் பயன் தராது. எப்போதும் சின்னப் பல்லிலேயே வைத்து மிதிப்பவரின் மிட் மோட்டாரும் மலையில் சூடாகத்தான் செய்யும். கியரே இல்லாத சைக்கிளில் அதை மாட்டுவதிலும் அர்த்தம் குறைவு.

மிட் மோட்டாருக்கு நீங்கள் கொடுக்கும் விலை செயினில் தெரியும். உங்கள் காலுக்காகச் செய்த செயின், பல்சக்கரம், செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெய்லியர் எல்லாம் இப்போது காலும் மோட்டாரும் சேர்ந்த பாரத்தைத் தாங்க வேண்டும். மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கியர் மாற்றினால் பல் நறநறவென்று சத்தம் போடும், சில சமயம் செயின் அறுந்தே விடும். மாற்றும் நொடியில் மோட்டாரை விட்டுவிடப் பழக வேண்டும், அல்லது கியர் மாறுவதை உணர்ந்து மோட்டாரை நிறுத்தும் சென்சார் வைக்க வேண்டும். செயின் எத்தனை கிலோமீட்டர் வரும் என்று கேட்காதீர்கள், ஒரே கிட்டில் ஒருவர் ஓட்டியதைப்போல இரண்டு மடங்கு இன்னொருவர் ஓட்டுவதைப் பார்க்கிறேன். சுத்தம் செய்து எண்ணெய் விடுவதும், கியர் மாற்றும் கையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆனால் ஹப்போடு ஓடும் செயினைவிடச் சீக்கிரம் தேயும் என்பது நிச்சயம். இன்னொன்று, நடு வழியில் செயின் அறுந்தால் மிட் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். ஹப் மோட்டார் சைக்கிளில் செயின் போனால் மோட்டார் வீடு சேர்க்கும், மோட்டார் போனால் செயின் சேர்க்கும். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

முன் சக்கர ஹப்பைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. மாட்டுவதற்கு மூன்றிலும் சுலபம், அதில் மறுப்பில்லை. செயின், கியர் எதையும் தொட வேண்டாம், பழைய சக்கரத்தைக் கழற்றிப் புதியதை வைத்தால் ஆயிற்று. சிக்கல், மோட்டாரின் அச்சு சுற்றாமல் நிற்க வேண்டியது ஃபோர்க்கின் நுனியில் இருக்கும் அந்தச் சின்ன வாயில்தான். அச்சின் இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கும், தட்டைக்குத் தட்டை 10 மில்லிமீட்டர். 40 நியூட்டன் மீட்டர் முறுக்கை 1 சென்டிமீட்டர் அகலத்தில் தாங்கினால் 4,000 நியூட்டன், கிட்டத்தட்ட 400 கிலோ எடை அந்த ஓரத்தில் நெம்புகிறது. ஸ்டீல் ஃபோர்க் என்றால் டார்க் ஆர்ம் (அச்சைச் சுற்றவிடாமல் பிடிக்கும் தகடு) வைத்து நன்றாக முறுக்கினால் தாங்கும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் அடிப்பகுதி பெரும்பாலும் அலுமினியம் அல்லது மெக்னீசிய வார்ப்பு, அது ஸ்டீல்போல வளைந்து எச்சரிக்கை தராது, பட்டென்று விரிந்துவிடும். அச்சு சுழன்று வெளியே வரும், ஒயர் முறுகி அறுந்துபோகும், சக்கரம் கழன்றால் நீங்கள் முகம் குப்புற விழுவீர்கள். பின்னால் இதே கோளாறு வந்தால் பெரும்பாலும் வண்டி நிற்கும், அவ்வளவுதான். அதனால் உங்கள் எம்டிபியின் முன் ஃபோர்க்கில் எந்த மோட்டாரையும் மாட்டாதீர்கள். விற்பவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் வேண்டாம்.

ஏற்றத்தில் இன்னொரு குறையும் சேர்கிறது. மலை ஏறும்போது எடை பின்னுக்குச் சாயும், முன் சக்கரத்துக்குப் பிடிமானம் குறையும், மணலோ ஈர இலையோ கிடந்தால் சக்கரம் அப்படியே சுழலும். சமதளத்தில் இதை உணரவே மாட்டீர்கள்.

அப்பாவின் சைக்கிள் என்றதும் பலர் உடனே முன் ஹப் என்பார்கள், ஸ்டீல் ஃபோர்க் என்பதால் காரணம் சரிதான். ஆனால் அதில் என் கவலை பிரேக். கம்பி பிரேக், குரோம் பூசிய ரிம், மழையில் நனைந்தால் பிடிக்கவே பிடிக்காது. கால் வேகத்துக்கு அது போதுமாக இருந்தது, 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏழெட்டுக் கிலோ கூடுதல் எடையோடு போதாது. கிராங்க்கும் ஆப்பு அடித்து இறுக்கும் பழைய காட்டர் பின் வகையாக இருக்கும், மிட் கிட் அதில் நேராக உட்காராது. முன் ஃபோர்க்கின் உள் இடைவெளியும் கிட்டுகளுக்கு வேண்டிய 100 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளக்க வேண்டும், குறைவாக இருந்தால் நெம்பி விரிக்கத்தான் பார்ப்பார்கள். அந்தச் சைக்கிளை அப்படியே ஓட்டுங்கள், மோட்டாருக்கு எம்டிபி இருக்கட்டும்.

இனி பின் ஹப். இதில் இரண்டு வகை உண்டு, வாங்கும்போது கட்டாயம் கேளுங்கள். ஒன்று டைரக்ட் டிரைவ்: பெரிய தட்டு, நல்ல எடை, உள்ளே கியர் கிடையாது, சத்தம் வராது, பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பி ஏற்றும் வசதி உண்டு. மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தால் பின்னால் யாரோ இழுப்பதுபோல் இருக்கும். மெதுவான ஏற்றத்தில் இதுதான் சீக்கிரம் திணறும். இன்னொன்று கியர்டு ஹப்: சின்னது, இரண்டரை மூன்று கிலோ இருக்கும், உள்ளே மோட்டார் வேகமாகச் சுற்றி நாலைந்து மடங்கு குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும், கிளட்ச் இருப்பதால் அணைத்தால் சைக்கிள் லேசாக உருளும், திருப்பி ஏற்றும் வசதி கிடையாது. உங்களுக்கு இரண்டாவதுதான். இறங்கும்போது சார்ஜ் ஏறும் என்ற ஆசையில் முதல் வகைக்குப் போகாதீர்கள், ஏறும்போது படும் அவதிக்கு அது ஈடாகாது.

கியர்டு ஹப்பில் ஒரு குறை உண்டு: உள்ளே மோட்டாருக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவே காற்று இருப்பதால் சூடு வெளியேறத் தாமதமாகும். வெளியே தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உள்ளே நைலான் பற்கள் இளக ஆரம்பித்திருக்கலாம். ஆகவே ஏற்காடு ரோட்டில் ஐந்தாறு வளைவுக்கு ஒரு முறை நிறுத்தித் தொட்டுப் பாருங்கள், சில வினாடிகூடக் கையை வைக்க முடியாத சூடு என்றால் அரை மணி நேரம் உட்கார வேண்டும். உள்ளே வெப்பச் சென்சார் உள்ள மோட்டார் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

பின் ஹப்பின் அன்றாடத் தலைவலி பஞ்சர். எடை எல்லாம் பின்னால் விழுவதால் பஞ்சரும் பின்னால்தான் அதிகம், சக்கரக் கம்பி உடைவதும் பின்னால்தான். சக்கரத்தைக் கழற்ற 18 நம்பர் ஸ்பேனர் வேண்டும், ஒயர் கனெக்டரைப் பிரிக்க வேண்டும், தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர் தொடத் தயங்குவார். சக்கரத்தைக் கழற்றாமலே டியூபை வெளியே இழுத்து ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள், பெரும்பாலான பஞ்சருக்கு அது போதும். கிட்டோடு வரும் சக்கரத்தில் கம்பிகள் சீராக இழுபட்டிருக்காது, மாட்டும் அன்றே ஒரு நல்ல சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்து, இரண்டு வாரம் ஓட்டியபின் மறுபடி எடுங்கள். இதைச் செய்தவர்களுக்குக் கம்பி உடைவது வெகுவாகக் குறைகிறது, இது என் அனுபவம், கணக்கு இல்லை. டார்க் ஆர்ம் பின்னாலும் வேண்டும், உங்கள் ஃபிரேம் அலுமினியம் என்றால் இரண்டு பக்கமும்.

ஆக, நீங்கள் எழுதியதை வைத்து என் முடிவு: எம்டிபியில் பின் கியர்டு ஹப், 250 வாட்டுக்குள், முடிந்தால் டார்க் சென்சாரோடு, 36 வோல்ட் 13 அல்லது 14 ஆம்பியர் ஹவர் பேட்டரி, அதைக் கேரியரில் வைக்காமல் ஃபிரேமின் கீழ்க் குழாயில் மாட்டுங்கள், பின்னால் ஏற்கெனவே மோட்டார் எடை இருக்கிறது. கருப்பூர் ரோட்டுக்கு இது தாராளம். ஏற்காட்டுக்கு நீங்கள் மிதித்தால் போதும். அங்கே வாராவாரம் போவது நிச்சயம், கூடவே சுமையும் இருக்கும், அல்லது உங்கள் எடையே 90 கிலோவுக்கு மேல் என்றால் என் பதில் மிட் மோட்டாருக்கு மாறும், செயின் செலவை ஏற்றுக்கொண்டு. வேலையே மலையில் என்று யாராவது கேட்டால், குன்னூரிலோ ஏற்காட்டிலோ தினமும் ஏறி இறங்குபவர் என்றால், அவருக்கு மிட் மோட்டாரைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

வாட் கணக்கில் சட்டமும் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் அரை மணி நேரத் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. 750 வாட், 1,000 வாட் என்று ஆசை காட்டுவார்கள், அதை மாட்டிய அன்றே அது பதிவு செய்யாத வண்டி. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், 250 என்று ஒட்டியிருக்கும் கிட்டிலும் மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் 15 ஆம்பியர் விடுவதாக இருந்தால் 36 வோல்ட்டில் சிறிது நேரத்துக்கு 540 வாட் பேட்டரியிலிருந்து இழுக்கும். வாங்கும்போது மோட்டார் வாட்டோடு கன்ட்ரோலர் ஆம்பியரையும் கேட்டுக்கொள்ளுங்கள், எத்தனை ஆம்பியர் போகிறதோ அதைப் பொறுத்ததுதான் உங்கள் சூடும் ரேஞ்சும்.

மேலே ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், இறங்குவதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்றிய அந்த 300 வாட் ஹவர் இறங்கும்போது பெரும்பாலும் பிரேக்கில்தான் சூடாகக் கரைய வேண்டும். உங்கள் எம்டிபியில் ரிம் பிரேக் என்றால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், பாதியில் ஒரு முறை நின்று ஆற விடுங்கள். டிஸ்க் என்றால் புதுப் பேட் போட்டுக்கொண்டு மலைக்குப் போங்கள், பின் ஹப் மாட்டும்போது மோட்டார் ஓடு டிஸ்கைப் பிடிக்கும் காலிப்பரில் உரசுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், சிலவற்றுக்கு வாஷர் வைக்க வேண்டி வரும்.

ஆர்டர் போடுவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். பின் ஃபோர்க்கின் உள் இடைவெளி, உங்கள் வகை எம்டிபியில் பெரும்பாலும் 135 மில்லிமீட்டர் இருக்கும். பின் பல்சக்கரம் திருகி மாட்டும் ஃப்ரீவீலா, செருகி மாட்டும் கேசட்டா என்பது, ஃப்ரீவீல் என்றால் அதையே கழற்றி மோட்டாரில் திருகிவிடலாம். மிட் மோட்டார் யோசனை இன்னும் இருந்தால் பெடல் அச்சு போகும் குழாயின் அகலம், பொதுவான கிட்டுகள் 68 முதல் 73 மில்லிமீட்டர் வரை ஏற்கும், உள் விட்டம் 33.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஃபிரேமையோ அச்சு உட்காரும் வாயையோ படத்தில் பார்த்து நல்லதா கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது, வெல்டிங் பக்கத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் நேரில் காட்டிவிடுங்கள். அளவுகளோடு உங்கள் எடையையும் பிரேக் வகையையும் எழுதுங்கள், எத்தனை ஆம்பியர் கன்ட்ரோலர் சரிவரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.